ஊரே அழுத நாள்

நீங்கள் எல்லோரும் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர்கள். எந்த ஆண்டு எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்கள். நானும் அப்படிப் படித்துத்தான் வருவாய்த் துறைக்கு வந்தேன். எனக்கு அதில் ஒரு தனிப் பைத்தியமே இருந்தது. ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றைச் சேர்த்துக் கட்டி மனதில் வைத்துக்கொள்வேன். அக்டோபர் இரண்டு என்றால் தேசப்பிதா பிறந்தது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்ட நம் முதலமைச்சர் கண் மூடியதும் அதே தேதி என்று நான் சொல்வேன். டிசம்பர் ஆறு என்றால் அரசியல் சட்டத்தை எழுதித் தந்தவர் மறைந்த நாள், அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட நாள். அலுவலகத்தில் எனக்குக் ‘காலண்டர்’ என்று பெயர். டீக்கடையில் யாராவது ஒரு தேதியைச் சொல்வார்கள். அந்தத் தேதியில் நடந்த இரண்டு விஷயத்தையாவது நான் சொல்லாமல் கிளாஸைக் கீழே வைத்ததில்லை.

ஜவ்வாது மலைக்கு வருவாய் ஆய்வாளராகப் போனபோது இந்தப் பைத்தியம் வேலைக்கே உதவியது. மலையில் வயதானவர்களிடம் பிறந்த தேதி, கல்யாணத் தேதி என்று கேட்டால் பதில் வராது. ‘பெரிய புயல் அடிச்சதே, அதுக்கு அடுத்த சாமை அறுப்புல’ என்பார்கள். ‘பட்டப்பகல்ல சூரியன் மறைஞ்சதே, அப்ப எனக்குக் கைப்பிள்ளை’ என்பார்கள். மற்ற ஆய்வாளர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். நான் அந்த நிமிடமே தேதியாக மாற்றி எழுதிவிடுவேன். அதனால் பலருக்கு முதியோர் உதவித்தொகை சீக்கிரம் கிடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெருமைதான் ஒருநாள் என்னைக் கவிழ்த்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் இருக்கும். காவலூருக்கு அப்பால் ஒரு கிராமம். அங்கே சடையன் என்ற விவசாயி பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோயிருந்தார். அவர் பெயரில் கொஞ்சம் சாமைக் கொல்லையும் ஆறு புளியமரமும் இருந்தன. சாவு எங்கேயும் பதிவாகவில்லை. அவருக்கு ஒரே மகள், மல்லிகா. முப்பது வயதிருக்கும், பத்தாவது வரை படித்தவள், ஆலங்காயம் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள்தான் வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். சடையன் எப்போது இறந்தார் என்று விசாரித்து அறிக்கை தருவது என் வேலை.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர். எதிரே சடையனின் மனைவி குப்பம்மாள், சடையனின் தம்பி வெள்ளையன். மல்லிகா அன்று வந்திருக்கவில்லை. சுற்றிலும் ஊர்க்காரர்கள் பத்துப் பேர்.

“உன் வூட்டுக்காரர் எந்த நாள்ல செத்தாரும்மா?” என்று கேட்டேன்.

“தலைவரு செத்தாரே, அந்த நாளு சார்” என்றார் குப்பம்மாள்.

“எந்தத் தலைவரு?”

“பேரு இன்னா தெரியும் எனக்கு? ஊரே அழுதுச்சி சார். வேலூர் ஆஸ்பத்திரி வாசல்ல கருப்புச் சட்ட போட்டவங்க மாருல அடிச்சிகினு அழுதாங்க. நாங்க வெளிய வர்றோம், அப்ப...”

“போதும்மா” என்றேன்.

எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. டிசம்பர் இருபத்து நான்கு. என் மனக் காலண்டரில் அந்தத் தேதிக்கு இரண்டு சாவுகள் உண்டு. எண்பத்தேழில் நடிகராக இருந்து முதலமைச்சரானவர் சென்னையில் இறந்தார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு, எழுபத்து மூன்றில், கருப்புச் சட்டைக் கட்சியின் பெரியவர் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். தேதி ஒன்றுதான், ஆண்டுதான் வேறு. வேலூர் என்றும் கருப்புச் சட்டை என்றும் அந்த அம்மாள் சொல்லிவிட்ட பிறகு சந்தேகத்துக்கு என்ன இடம்?

“இருபத்து நாலு, பன்னண்டு, எழுபத்து மூணு” என்று சத்தமாகச் சொன்னேன். நிர்வாக அலுவலர் எழுதினார். கூட்டத்தைப் பார்த்து “சரிதானே?” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். குப்பம்மாளும் வெள்ளையனும் ரேகை வைத்தார்கள்.

வண்டியில் மலை இறங்கி வரும்போது நிர்வாக அலுவலரிடம் விளக்கினேன். அவர் அசந்துபோனார். “வேற ஆளா இருந்தா எண்பத்தேழுன்னு எழுதிட்டிருப்பாங்க சார்” என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மல்லிகாவின் பள்ளிச் சான்று கோப்பில் இருந்தது. அதன்படி அவள் பிறந்தது எழுபத்து மூன்றுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து.

மூன்று முறை படித்தேன். மலையில் பள்ளிச் சான்றில் இருக்கும் தேதி பெரும்பாலும் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டதுதான். ஓர் ஆண்டு முன்பின் இருக்கும், இரண்டு ஆண்டுகூட இருக்கலாம். எட்டு ஆண்டு இருக்காது. எனக்குக் குழம்பிவிட்டது. தேதியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அதில் பிழை தெரியவில்லை. சான்றை மறுபடி பார்த்தேன். அதிலும் அடித்தல் திருத்தல் இல்லை. இரண்டும் சரி என்றால் மூன்றாவதாக ஒன்றுதான் மிஞ்சியது. இந்த மகள் சடையனுக்குப் பிறந்தவள் இல்லை.

இங்கே நான் செய்ததை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். என் தேதி தவறாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்க நொடிப் பொழுது போதுமாக இருந்தது. அதோடு, ‘பாவம், கிழவியின் பழைய கதையை நாம் ஏன் கிளற வேண்டும்?’ என்று நினைத்து யாரிடமும் எதுவும் கேட்காமல் இரண்டு தேதிகளையும் அப்படியே எழுதி மேலே அனுப்பினேன். அதைப் பெருந்தன்மை என்றும் எண்ணிக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து மல்லிகா அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு நகல். வெள்ளையன் ஆட்சேபணை மனு கொடுத்திருந்தார். என் அறிக்கையையே ஆதாரமாகக் காட்டி, ‘என் அண்ணன் இறந்து எட்டு ஆண்டு கழித்துப் பிறந்தவள் அவருக்கு வாரிசு ஆக முடியாது’ என்று எழுதியிருந்தது.

“சார், எங்கப்பா செத்து எட்டு வருசம் கழிச்சி நான் பொறந்தேனா?”

“உங்கம்மா சொன்னதைத்தான்மா எழுதினேன்.”

“எழுபத்து மூணுன்னு எங்கம்மாவுக்குச் சொல்லத் தெரியுமா சார்? நூறு வரிக்கும் எண்ணவே தெரியாது.”

நான் கோப்பைப் புரட்டினேன்.

“எங்கப்பா என்னைத் தோள்ல ஒக்கார வச்சி ஸ்கூலுக்குத் தூக்கிகினு போனாரு. அவரு தலமுடிய புடிச்சிகினு போனேன். அது எனக்கு ஞாபகம் கீது.”

“சின்ன வயசு ஞாபகம் மாறிப்போகும்மா. சித்தப்பா தூக்கிட்டுப் போயிருப்பாரு” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. “எங்க மாமியாரு கேக்கறாங்க சார், உங்கப்பன் யாருடின்னு. அவங்களுக்கும் இதையே சொல்லட்டுங்களா?” என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. தோள், தலைமுடி என்று அவள் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. எழுபத்து மூன்றும் பொய்யாகத் தெரியவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

அப்போது எங்கள் வட்டாட்சியர் ஓர் இளம்பெண். வேலைக்கு வந்து நான்கு மாதம். என் மகள் வயது. ஆட்சேபணை வந்ததும் கோப்பை வரவழைத்து என்னைக் கூப்பிட்டார்.

“ஆர்.ஐ. சார், இந்தத் தேதியை யார் சொன்னது?”

“அந்தம்மாதான் மேடம்.”

“தேதியைச் சொன்னாங்களா, இல்ல தலைவர் செத்த நாள்னு சொன்னாங்களா?”

“தலைவர் செத்த நாள்னுதான்...”

“அப்போ தேதியைச் சொன்னது நீங்க.”

நான் வேலூர், கருப்புச் சட்டை என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “எனக்கும் புரியலை சார். நீங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கு. ஆனா அடுத்த வாரம் விசாரணை. இந்த அறிக்கை இப்படியே இருந்தா நான் அந்தப் பொண்ணோட மனுவைத் தள்ளணும். போய் மறுபடி கேளுங்க. இந்தத் தடவை வருஷம் எதையும் நீங்க சொல்லாதீங்க” என்றார். அந்த வயதில் எனக்கு அந்தத் தெளிவு இருந்ததில்லை.

மறுநாள் காலையே மலையேறினேன். மாசி மாதம். குப்பம்மாள் வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். மல்லிகா கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்; அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். வண்டிச் சத்தம் கேட்டு வெள்ளையனும் வந்து வேலியோரம் நின்றார். நான் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

“அம்மா, அந்த நாளை முழுசாச் சொல்லுங்க. நான் குறுக்கே பேச மாட்டேன்.”

அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. உடைத்துக்கொண்டே சொன்னார். கருப்புச் சட்டைக்காரர்கள் அழுதார்கள். மொட்டை அடித்துக்கொண்டு அழுதார்கள். கடையெல்லாம் சாத்தியிருந்தது. பஸ் இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டருக்குத் தெரியாமல் வந்தோம்.

வரிசையாக எழுதிக்கொண்டே போன நான் நின்றேன். கருப்புச் சட்டைக்காரர்கள் எதற்கு மொட்டை அடிப்பார்கள்? அவர்களுக்கு அந்தச் சடங்கெல்லாம் கிடையாதே.

“பஸ் இல்லன்னு சொன்னீங்களேம்மா?”

“ஆமாம் சார். பஸ்ஸு இல்ல. அதான் அங்கியே உசுரு போய்ட்சி.”

“அப்புறம் பஸ்ஸுல வந்தோம்ங்கறீங்க?”

“அன்னிக்கி பஸ்ஸு இருந்துச்சே.”

எழுதியதை எல்லாம் அடித்தேன். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். மறுபடி அதே மாதிரிதான் வந்தது. அவர் குழம்பவில்லை. நான்தான் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினேன். கடைசியில், வேறு எதுவும் தோன்றாமல், “பஸ்ஸுல மடியில வச்சிருந்தது யாரைம்மா?” என்று கேட்டேன்.

“கொயந்தைய.”

“யார் மடியில?”

“அவரு மடியிலதான். எனக்குக் கை நடுங்கிச்சி. நீ குடுன்னு வாங்கிகினாரு.”

பேனா நின்றுவிட்டது. சடையன் இறந்த நாளில் சடையன் மடியில் எப்படிக் குழந்தை இருக்கும்?

“எந்தக் குழந்தை?”

“பெரியவ.”

“மல்லிகாவா?”

சுத்தியல் நின்றது. “மல்லிகா இல்ல சார். அவளுக்கு முந்தி ஒருத்தி இருந்தா.”

ஒன்றரை வயதுக் குழந்தை. ஒரு வாரக் காய்ச்சல். இருவரும் மலையிலிருந்து நடந்து ஆலங்காயம் இறங்கி, பஸ் பிடித்து வேலூர் போயிருக்கிறார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மூன்றாம் நாள் விடியும்போது குழந்தை போய்விட்டது. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் ரோடு கொள்ளாத கூட்டம்.

“எல்லாரும் அழுவுறாங்க சார். பெரிய பெரிய ஆளுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எங்கொயந்த செத்தது இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்னு நெனச்சேன். அப்புறம்தான் அவரு சொன்னாரு, யாரோ தலைவரு செத்துட்டாராம்னு.”

மல்லிகா புளியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். “எனக்கு முந்தி ஒண்ணு செத்துப்போச்சின்னு தெரியும் சார். வேலூருக்குத் தூக்கிகினு போனது தெரியாது” என்றாள் என்னிடம். அம்மாவைப் பார்க்கவில்லை.

“அப்ப மொட்டை அடிச்சவங்க?” என்று கேட்டேன்.

“அது அவரு செத்தன்னிக்கி. மாரு வலின்னாரு. டோலி கட்டித் தூக்கிகினு எறங்கனாங்க. ஆலங்காயத்துல பஸ்ஸு இல்ல, காரு இல்ல. சாத்தன கடை வாசல்ல எறக்கி வச்சோம். அங்கியும் எல்லாரும் அழுதுகினு இருந்தாங்க. அன்னிக்கும் தலைவரு செத்துட்டாரு.”

இரண்டு சாவுகள். பதினான்கு ஆண்டு இடைவெளி. நான் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் சாவு பாதியில் இருக்கும்போது ‘போதும்மா’ என்று சொல்லி, அந்தத் தேதியைத் தூக்கி இரண்டாவது சாவின் தலையில் வைத்திருக்கிறேன்.

இந்த முறை உடனே எழுதவில்லை. வேலியோரம் நின்ற வெள்ளையனைத் தனியே அழைத்துப் போனேன். ஆண்டு எதையும் சொல்லாமல், “உங்க அண்ணன் செத்த நாள்ல ஆலங்காயம் எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“டயர் எரிஞ்சிகினு இருந்துச்சி சார். பசங்க மொட்ட போட்டுகினு நடுரோட்டுல உருண்டாங்க. சினிமாக்காரத் தலைவரு போய்ட்டாருன்னு. டோலியில முன்பக்கம் நான்தான் தூக்கனேன்.”

“அப்போ மல்லிகா?”

“ஆறு வயசு இருக்கும். அழுதுகினே பின்னாடி ஓடியாந்துச்சி. நான்தான் வெரட்டி வுட்டேன்.”

“இவ்வளவும் தெரிஞ்சுமா அப்படி மனு எழுதினீங்க?”

“நான் எங்க சார் எழுதனேன்? நீங்க எழுதனதத்தான் எம்பையன் படிச்சிச் சொன்னான். சர்க்காரு எழுதிக்கீதுன்னா நமக்குத் தெரியாதது இன்னாமோ கீதுன்னு நெனச்சேன்.”

கொல்லைக்கு ஆசைப்பட்டாரா, காகிதத்தை உண்மையிலேயே நம்பிவிட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. காகிதத்தைப் பார்த்து நானே அந்த அம்மாளைச் சந்தேகித்தவன். அவரைக் குறை சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். செல்லரித்த ஓரம். மல்லிகா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது எண்பத்தேழு ஜூன் மாதம். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில், ‘சடையன், தகப்பன், இடது கைப் பெருவிரல்’ என்று எழுதி, அதன்மேல் நீல மையில் ஒரு ரேகை. எழுபத்து மூன்றில் நான் சாகடித்த மனிதர் பதினான்கு ஆண்டுகள் கழித்து மகளைத் தோளில் தூக்கி வந்து இங்கே கைநாட்டு வைத்திருக்கிறார். சான்றிதழைப் பார்த்த எனக்கு இந்தப் பதிவேட்டைப் பார்க்கத் தோன்றவில்லை; அன்று இதே கட்டடத்துத் தாழ்வாரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய அறிக்கை என் தவறு என்று எழுதினேன். ‘தகவல் பிழை’, ‘எழுத்துப் பிழை’ என்று நம் அலுவலகங்களில் சில சொற்கள் உண்டு; யார் செய்தது என்று தெரியாமல் பிழையை நிற்க வைக்கும் சொற்கள். அவற்றைத் தொடவில்லை. ‘மனுதாரரின் தாயார் சொன்னதை நான் முழுமையாகக் கேட்கவில்லை’ என்றே எழுதினேன். முன்பே இறந்த பிள்ளைகள் என்ற இடத்தில் குழந்தையையும் சேர்த்தேன். தட்டச்சர் பாதியில் எழுந்து வந்தார். “சார், ரெண்டு பேருக்கும் ஒரே தேதி விழுந்திருக்கு. வருஷம் மட்டும் வேற. எந்தத் தேதி சரி?” என்றார். “ரெண்டும் சரி, அப்படியே அடிங்க” என்றேன். நம்பாமல்தான் போனார்.

விசாரணை நாளில் வெள்ளையன் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மல்லிகாவுக்குச் சான்று கிடைத்தது. அவள் மாமியார் வீட்டுக்கு நானே போய், பதிவேட்டின் நகலைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் காபி கொடுத்தார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. அவர் ஒருமுறை கேட்ட கேள்வியை மல்லிகா மறந்திருப்பாள் என்றும் நான் நினைக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். நாளும் ஆண்டும் தெரிந்து வைத்திருங்கள், அது நல்லதுதான். ஆனால் ஒருவர் வாயிலிருந்து பாதி வரும்போதே மீதி உங்களுக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றினால், அங்கே பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். இதை அறிந்த பிறகும் நான் தடுமாறியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. விசாரணைக்கு முன்பு, புதிய வாக்குமூலத்தில் ரேகை வாங்க மறுபடியும் மலைக்குப் போனேன். ஊர்க்காரர்கள் முன்னால் முழுவதையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஒவ்வோர் ஆண்டையும் என்ன நடந்த ஆண்டு என்று விளக்கினேன்.

மல்லிகா, “ரெண்டும் ஒரே தேதியா சார்?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லத் தயங்கினேன். அந்த அம்மாளுக்கு அது தெரிய வேண்டுமா என்று யோசித்தேன்.

குப்பம்மாளே சொன்னார். “மார்கழி பொறந்து ஒம்போதாம் நாளு. ரெண்டும் அன்னிக்கித்தான். சாரு என்னை நாள கேட்டாரு, நாள சொன்னேன். எத்தினி சாவுன்னு கேக்கலியே.”

மை தொட்ட விரலைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தவர் நிறுத்தினார்.

“சார், கொயந்த பேரு எழுதிக்கீறீங்களா?”

“எழுதியிருக்கேம்மா.”

“அத்த மட்டும் இன்னொரு தரம் படிங்க.”

“ராஜாத்தி” என்று படித்தேன்.